கண்மாய் பெருகும் முன்னே: தூண்டில் சாமான்களை முள்ளில் தொடங்கி வாங்குவது எப்படி

தூண்டில் சாமான் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடைக்குள் நுழைந்ததும் கம்பைத்தான் தூக்கிப் பார்க்கிறார்கள். ஆட்டிப் பார்க்க நன்றாக இருக்கும், காசில் முக்கால்வாசி அங்கேயே போய்விடும். மிச்சக் காசுக்குக் கடைக்காரர் எடுத்துத் தருகிற நரம்பும் (தூண்டில் இழை) ஒரு பாக்கெட் முள்ளும் (கொக்கி) பைக்குள் விழும். மார்கழியில் நல்ல கட்லா ஒன்று மாட்டும்போது கம்புக்கு ஒன்றும் ஆகாது. முடிச்சு உருவிக்கொள்ளும், அல்லது முள் நிமிர்ந்துவிடும், அல்லது வருடக்கணக்கில் ஷோகேஸ் வெயிலில் கிடந்த நரம்பு பட்டென்று போய்விடும்.

அதனால் வாங்கும் வரிசையைத் தலைகீழாக்குங்கள். எந்தக் கண்மாய், எந்த மீன் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மீன் முள்ளைத் தீர்மானிக்கும். முள்ளும் தண்ணீருக்குள் கிடக்கும் இடைஞ்சலும் நரம்பைத் தீர்மானிக்கும். நரம்புக்கு ஏற்ற ரீல், ரீலுக்கு ஏற்ற கம்பு. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

தண்ணீர் எப்போது, எங்கே

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களுக்கு இரண்டு வழியில் தண்ணீர் வருகிறது. ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இன்னொன்று, வைகை அணையில் திறந்து பேரணையில் பிரியும் பெரியார் பிரதானக் கால்வாய். கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம், அதற்கு மேல் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். ஆகவே கள்ளந்திரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் கண்மாய்களில் மழைக்கு முன்பே ஓரளவு தண்ணீர் நிற்கும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்கள் பல, கால்வாயில் தண்ணீர் விட்டால்தான் அல்லது நல்ல மழை பெய்தால்தான் நிறையும்.

புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வரும்போது ரப்பர் தவளைக்கும் மினுக்கு இரைக்கும் வேலை குறைவு. மீன் வாசனையை வைத்து இரை தேடும் நேரம் அது. மண்புழுவும் கோழிக்குடலும் வேலை செய்யும். கலுங்கு (கண்மாய் நிறைந்து உபரி நீர் வழியும் இடம்) பாய்கிற நாட்களில் சின்னக் கெண்டையும் அயிரையும் எதிர்நீச்சல் போட்டு மறுகால் ஓடையில் ஏறும். அங்கே தூண்டிலைவிட அரிவலைக்குத்தான் மதிப்பு. மார்கழி, தை வந்தால் தண்ணீர் தெளியும். ஜிலேபி, ரோகு, கட்லாவுக்குத் தூண்டில் போட இதுதான் நல்ல காலம். மாசி, பங்குனியில் தண்ணீர் வடிந்து ஆகாயத்தாமரையும் கோரையும் ஓரம் கட்டும்போது விராலுக்கு முறை வரும். அதற்குப் பிறகு தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டால் தூண்டிலை மடித்து வைத்துவிட்டு ஊத்தாவை (மீன்மேல் கவிழ்த்து அழுத்திப் பிடிக்கும் அடியில்லாத கூடை) எடுக்க வேண்டியதுதான்.

ஆக, புரட்டாசி முடிவதற்குள் எல்லாச் சாமானையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டிய அவசியமில்லை. புழுத் தூண்டிலும் அடிமட்டத் தூண்டிலும் முதலில் தேவை. விரால் சாமானை தையில் வாங்கினால் போதும்.

இன்னொன்றையும் காசு செலவழிப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பல கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அவர் சம்மதம் இல்லாமல் கரையில் உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும். சிலர் ஒரு கம்புக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விடுகிறார்கள், சிலர் ஜிலேபியும் கெளுத்தியும் மட்டும் பிடித்துக்கொள் என்பார்கள். ஊர்ப் பொதுக் கண்மாயாக இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. கோயில் தெப்பக்குளங்கள், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயக் கண்மாய்கள், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள்.

முள்

முள்ளின் எண் கூடக்கூட முள் சிறுக்கும். 14 என்பது குன்றிமணிக்குள் அடங்கும் அளவு. 10, 8, 6, 4, 2, 1 என்று வர வர முள் பெருக்கும். அதற்கு மேல் 1/0, 2/0, 3/0 என்று எண் ஏறுவதோடு முள்ளும் வளரும். கடையில் "பெரிய நம்பர் குடுங்க" என்று கேட்டு, கண்ணுக்கே தெரியாத முள்ளோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு.

ஜிலேபிக்கு வாய் சிறியது. 10 அல்லது 8 சரி. கெண்டைப் பொடிக்கு 14 முதல் 12. கெளுத்திக்கு 6 அல்லது 4, தண்டு கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், கெளுத்தி ஆழமாக விழுங்கும் பழக்கமுள்ளது. நீளத் தண்டு இருந்தால் கழற்றுவது எளிது. ரோகு, மிர்கால், கட்லாவுக்கு 4 முதல் 1 வரை, தண்டு குட்டையாக, கம்பி தடிமனாக. விராலுக்கு உயிர் இரையோ செத்த மீனோ கோத்துப் போடுவதென்றால் 1/0 முதல் 3/0.

முள்ளைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தில் கொத்தி நின்றால் கூர்; வழுக்கிக்கொண்டு போனால் புது முள்ளாக இருந்தாலும் மொட்டை. கம்பி தரமானதா என்று பார்க்க, குறடால் வளைவைப் பிடித்து மெல்லத் திறக்கப் பாருங்கள். கொஞ்சம் நெகிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்பினால் நல்லது. நிமிர்ந்து அப்படியே நின்றால் மட்டம், பட்டென்று உடைந்தால் சூடேற்றியது மிகை. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு முள்ளை இதற்காகப் பலி கொடுப்பதில் நஷ்டம் இல்லை.

சிறிய முட்கள் சிலவற்றில் துளை இருக்காது, வால் மட்டும் தட்டையாக இருக்கும். அதில் நரம்பைத் தண்டோடு சேர்த்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். நரம்பு வாலின் முன்பக்கம், அதாவது கூர் இருக்கும் பக்கம், வெளியே வர வேண்டும். பின்பக்கம் வந்தால் தட்டை வாலின் விளிம்பே நரம்பை அறுக்கும். பழக்கமில்லாதவர் துளையுள்ள முள்ளையே வாங்கலாம்.

மழைத் தண்ணீரில் நனைந்த முள்ளைப் பாக்கெட்டில் திருப்பிப் போடாதீர்கள். ஈர முள் ஒன்று மற்ற எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். பயன்படுத்தியதைத் தனி டப்பாவில் போட்டு வீட்டுக்கு வந்து துடைத்து வையுங்கள்.

நரம்பு

நம்மூரில் நரம்பு என்றும் தங்கூஸ் என்றும் சொல்வது நைலான் ஒற்றை இழை. அதோடு இப்போது பின்னல் நூல் பரவலாகக் கிடைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி வேலை.

ஒற்றை இழை இழுத்தால் நீளும். பெரிய மீன் திடீரென்று பாயும்போது அந்த நெகிழ்வு முள்ளையும் முடிச்சையும் காப்பாற்றும். கல் பதித்த கரையில் உரசினாலும் கொஞ்சம் தாங்கும். ரோகு, கட்லாவுக்கு இதுவே போதும்: 0.30 முதல் 0.35 மி.மீ. கெளுத்திக்கு 0.28. ரீல் இல்லாத மூங்கில் கம்பில் ஜிலேபி பிடிக்க 0.20. நல்ல நரம்பில் 0.30 மி.மீ. சுமார் 6 கிலோ தாங்கும். மெல்லிய நரம்பை வைத்துக்கொண்டு 15 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தால், உண்மையில் நரம்பு அதில் எழுதியதைவிடத் தடிமனாக இருக்கும் அல்லது எழுதியதே பொய்யாக இருக்கும்.

பின்னல் நூல் நீளாது, அதே தடிமனில் இரண்டு மடங்குக்கும் மேல் பலம் உள்ளது, ஆகாயத்தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டு வரும். விராலுக்கு இது இல்லாமல் ஆகாது. பி.ஈ. என்பது பின்னல் நூலின் தடிமன் எண்; பி.ஈ. 2 என்றால் சுமார் 30 பவுண்டு தாங்கும். பாசிக்குள் விரால் தேடுகிறவர்கள் பி.ஈ. 3, அதாவது 40 பவுண்டுக்குக் குறையாமல் போடுவது நல்லது. ஆனால் கல்லில் ஒரு உரசல் பட்டாலே இழை பிரிந்துவிடும். நீரில் மூழ்கிய சீமைக் கருவேலக் கட்டைகள் உள்ள கண்மாயில் வெறும் பின்னல் நூலை அடிமட்டத்தில் போடாதீர்கள். நுனியில் இரண்டடி நீளத்துக்கு 0.50 மி.மீ. ஒற்றை இழையை முன்னிழையாகக் கட்டுங்கள்.

வாங்கும்போது கடையின் உள்ளே, வெளிச்சம் படாத இடத்தில் இருக்கும் உருளையைக் கேளுங்கள். ஒற்றை இழையை வெயில் கெடுக்கும். மதுரை வெயிலில் பைக் டேங்க் கவரிலோ கார் கண்ணாடி ஓரத்திலோ ஒரு கோடை கிடந்த நரம்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். சோதனை எளிது: ஒரு முழம் எடுத்து நடுவில் சாதாரண ஒற்றை முடிச்சுப் போட்டு இரண்டு பக்கமும் துணி சுற்றிய கையால் இழுங்கள். புது நரம்பு கையை உறுத்தி, நீண்டு, பிறகுதான் அறும். கெட்டது சத்தமே இல்லாமல் போகும்.

முடிச்சு

காசே செலவாகாத இடம் இதுதான். பெரிய மீன் தவறுவதும் பெரும்பாலும் இங்கேதான். இரண்டு முடிச்சுப் போதும்.

பாலோமர் முடிச்சு, பின்னல் நூலுக்கும் ஒற்றை இழைக்கும் பொது: நூலை அரை அடிக்கு இரட்டையாக மடித்து, மடிந்த நுனியை முள்ளின் துளைக்குள் நுழையுங்கள். அந்த இரட்டை நூலால் ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள், முள் அதில் தொங்கட்டும். மடிந்த வளையத்தை விரித்து முள் முழுவதையும் அதற்குள் விட்டு எடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, நூலின் இரண்டு நுனியையும் சேர்த்து மெல்ல இழுத்து இறுக்குங்கள். மிச்ச நுனியில் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

கிளிஞ்ச் முடிச்சு, ஒற்றை இழைக்கு மட்டும்: துளையில் நுழைத்த நுனியைப் பிரதான நரம்பைச் சுற்றி ஐந்து அல்லது ஆறு திருகு. நுனியைத் துளைக்குப் பக்கத்தில் உண்டான சின்ன வளையத்துக்குள் விட்டு, திரும்பிவரும்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு, நனைத்து இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமர வேண்டும். ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். பின்னல் நூலில் இந்த முடிச்சு வழுக்கும்.

நனைப்பதை யாரும் மதிப்பதில்லை. உலர்ந்த நரம்பை வேகமாக இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பின் மேற்பரப்பு பொசுங்கி, முடிச்சுக்கு மேலேயே பலம் போய்விடும். அறுந்த நுனி சுருண்டு பன்றிவால் போலத் தெரிந்தால் முடிச்சு உருவியிருக்கிறது என்று அர்த்தம். நறுக்கென்று வெட்டியதுபோல் இருந்தால் கல்லோ கட்டையோ அறுத்திருக்கிறது.

தக்கை, ஈயம், அமைப்பு

ஜிலேபித் தூண்டிலுக்கு மயிலிறகுத் தண்டு அல்லது நெட்டியில் செய்த மெல்லிய தக்கை, 1 முதல் 2 கிராம் தாங்கினால் போதும். ஈயத்தைச் சேர்த்துக்கொண்டே போய், தக்கையின் நுனி மட்டும் ஒரு விரற்கடை தெரியும்படி அமிழ்த்துங்கள். தக்கை பாதிக்கு மேல் மிதந்தால் ஜிலேபி இழுக்கும்போது எதிர்ப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். தக்கை கீழே போவதைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஜிலேபி கடித்தால் தக்கை பக்கவாட்டில் நகரும், சில சமயம் மேலே எழும்பிச் சாயும். அப்போதே கம்பை ஒரு முழம் உயர்த்தினால் சரி. ரீல் இல்லாத கம்பில் நரம்பு நீளம் கம்பைவிட ஓரடி குறைவாக இருந்தால் மீன் தானாகக் கைக்கு வந்து சேரும்.

கெளுத்திக்கு ஓடும் ஈயம். நடுவில் துளையுள்ள 15 முதல் 25 கிராம் ஈயத்தைப் பிரதான நரம்பில் கோத்து, அடுத்து ஒரு பிளாஸ்டிக் மணி, அடுத்து சுழலும் வளையம் ஒன்றைக் கட்டுங்கள். வளையத்தின் மறுபக்கம் 30 முதல் 40 செ.மீ. முன்னிழை, அதன் நுனியில் முள். மீன் இழுக்கும்போது நரம்பு ஈயத்துக்குள் ஓடுவதால் கனம் தெரியாது. மணி போடாவிட்டால் ஈயம் நேரே முடிச்சில் மோதி மோதி அதை நசுக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் கெளுத்தி கரையோரம் வரும் என்பதால் மீன் இழுத்தால் ஒலிக்கும்படி கம்பு நுனியில் மாட்ட ஒரு சின்ன மணியும், நெற்றியில் கட்டும் விளக்கும் தேவை.

ரோகு வகைகளுக்குச் சுருள்கம்பி இரைக்கூண்டு, நம் ஆட்கள் ஸ்பிரிங் என்பது. அதில் மாவை அழுத்திப் பிடித்துவிட்டு, தொங்கும் முட்களை மாவுக்குள் குத்தி வைப்பார்கள். மீன் மாவை உறிஞ்சும்போது முள்ளும் சேர்ந்து போகும். இரண்டு மூன்று முள்ளுக்கு மேல் வேண்டாம். முள் கூடினால் சிக்கும் கூடும், வலைக்குள் மீன் துள்ளும்போது மிச்ச முள் உங்கள் கையில் ஏறும். கட்லா மேல்தண்ணீரிலும், ரோகு நடுத்தண்ணீரிலும், மிர்கால் தரையிலும் மேயும். அடியில் கிடக்கும் ஸ்பிரிங்கில் மிர்கால்தான் அதிகம் மாட்டும். கட்லா வேண்டுமென்றால் அதே ஸ்பிரிங்கைப் பெரிய தக்கையில் தொங்கவிட்டு, தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில் நிறுத்துங்கள்.

மாவுக்கு அளவு: கடலைப் புண்ணாக்குத் தூள் அரைக் கிலோ, அரிசித் தவிடு அரைக் கிலோ, கோதுமை மாவு 200 கிராம், பொடித்த வெல்லம் 50 கிராம். புண்ணாக்கைத் தவிட்டோடு உலர்வாகக் கலந்த பிறகே தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டி விழும். பிடித்தால் உருண்டை, விரலால் தட்டினால் உதிரி என்ற பதம். வாளித் தண்ணீரில் ஓர் உருண்டையைப் போட்டுப் பாருங்கள்: 10 முதல் 15 நிமிடத்தில் கரைந்து உதிர வேண்டும். ஒரு மணி நேரம் கல்லாகக் கிடந்தால் கோதுமை மாவு அதிகம். எறியும்போதே சிதறினால் குறைவு. முள்ளில் கோக்கும் மைதா உருண்டை நழுவினால் பிசையும்போது கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துவிடுங்கள், நார் பிடித்து நிற்கும். புளித்த புண்ணாக்கு மாவை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

ரீல்

பெட்டியில் பேரிங் எத்தனை என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். மட்டமான பத்து பேரிங்கைவிட நல்ல நான்கு மேல். கடையிலேயே நான்கு விஷயத்தைச் சோதிக்கலாம். கைப்பிடியை மெல்லச் சுற்றும்போது கரகரப்பு இருக்கக் கூடாது. கைப்பிடியை நிறுத்தி முன்னும் பின்னும் ஆட்டினால் தொளதொளப்பு இருக்கக் கூடாது. கம்பி வளையத்தின் ஓரத்தில் நரம்பு ஓடும் சின்ன உருளை விரலால் தள்ளினால் சுழல வேண்டும்; சுழலாவிட்டால் நரம்பு அதிலேயே உராய்ந்து திரிந்துபோகும். நான்காவது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம். அதைப் பாதி இறுக்கிவிட்டு நரம்பை இழுத்தால் ஒரே சீராக வர வேண்டும். விட்டு விட்டு, உதறி உதறி வந்தால் அந்த ரீலை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவானாலும்.

கெளுத்திக்கும் பொதுவான வேலைக்கும் 2500 அல்லது 3000 அளவு ரீல் (எண் கூடினால் ரீல் பெரிது). ரோகு, கட்லாவுக்கு 4000, அதில் 0.35 மி.மீ. நரம்பு 150 மீட்டர் கொள்ள வேண்டும். விராலுக்கு 3000 போதும், ஆனால் டிராக் 7 கிலோவுக்குக் குறையக் கூடாது. விராலை ஓடவிட்டுப் பிடிக்க முடியாது. பாசிக்குள் நுழைய விடாமல் முதல் இரண்டு விநாடியில் தலையைத் திருப்பியாக வேண்டும்.

நரம்பு ஏற்றுவது தனி வேலை. உருளையை அட்டை ஒட்டிய பக்கம் மேலே பார்க்கத் தரையில் வையுங்கள். நரம்பை ஈரத் துணியால் விரலிடுக்கில் பிடித்து, இறுக்கம் கொடுத்தபடி 15 சுற்றுச் சுற்றுங்கள். நிறுத்தி நரம்பைத் தளர்த்துங்கள். முறுக்கிச் சுருண்டால் உருளையைக் கவிழ்த்துப் போட்டுத் தொடருங்கள். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் ஒவ்வொரு வீச்சிலும் சுருள் சுருளாக வெளியே கொட்டிச் சிக்கும். அரைகுறையாக நிரப்பினால் வீச்சு பாதி தூரம்தான். பின்னல் நூலை நேரடியாக ரீலில் கட்டினால் மொத்த நூலும் ரீலின் மேல் வழுக்கிச் சுழலும். கைப்பிடியைச் சுற்றுவீர்கள், நூல் வராது. அடியில் 10 மீட்டர் ஒற்றை இழையைச் சுற்றி அதன்மேல் பின்னல் நூலைக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

டிராக் அளவுக்கு ஒரு சுலபமான வழி. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராக் இருக்க வேண்டும். 6 கிலோ நரம்புக்கு ஒன்றரை முதல் 2 கிலோ. 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நரம்பு நுனியில் கட்டி, ரீலை நேராக மேலே பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பாமல் நரம்பு மெல்லக் கழன்றால் சரியான இடம். இதை வீட்டிலேயே செய்துவிட்டுப் போங்கள். மீன் மாட்டிய பிறகு டிராக் குமிழைத் திருகுகிறவர்தான் நரம்பை அறுத்துக்கொள்கிறார்.

கம்பு

இப்போதுதான் கம்பு. ஜிலேபிக்கு 10 முதல் 12 அடி மூங்கில் அல்லது மடக்குக் கம்பு. ரோகு வகைக்கு 8 முதல் 10 அடி, 40 முதல் 80 கிராம் எறியக்கூடியது, ஏனென்றால் மாவு நிரம்பிய ஸ்பிரிங்கின் எடை அதுதான். விராலுக்கு ஆறரை முதல் 7 அடி, நுனி சட்டென்று திருப்பிக்கொள்ளும், அடிப்பகுதி விறைப்பானது. கெளுத்திக்கு 7 அடி, 10 முதல் 30 கிராம் எறியும் நடுத்தரக் கம்பு. ஒரே ஒரு கம்புதான் வாங்க முடியும் என்றால் இந்தக் கடைசியை வாங்குங்கள். விராலும் பெரிய கட்லாவும் தவிர மற்ற எல்லாம் ஒப்பேறும்.

வளையங்களின் உள்பக்கத்தில் கொஞ்சம் பஞ்சை நுழைத்து இழுங்கள். நார் எங்காவது சிக்கினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது, பின்னல் நூலை ஒரே நாளில் பிய்த்துவிடும். மடக்குக் கம்பை விரிக்கும்போது நுனியிலிருந்து ஒவ்வொன்றாக, வளையங்கள் நேர்கோட்டில் வரும்படி இழுங்கள். மூடும்போது அடியிலிருந்து. மணல் புகுந்து இறுகிவிட்டால் இரண்டு ரப்பர் கையுறை போட்டுத் திருகித் தள்ளுங்கள், குறடு வைத்தால் உடையும். கம்பு உடைவதில் பாதி மீனால் அல்ல: கரையில் மீனைக் கம்பாலேயே தூக்குவது, கம்பை நட்டுக்குத்தாக நிமிர்த்தி நுனியை மட்டும் வளைப்பது, பைக்கில் கட்டிக்கொண்டு போகும்போது கிளையில் அடிபடுவது. பிளம்பிங் கடையில் 75 மி.மீ. பி.வி.சி. குழாயும் இரண்டு மூடியும் வாங்கிக் கம்பைவிட இரண்டு அங்குலம் நீளமாக வெட்டிக்கொண்டால் கடைசிக் காரணம் தீர்ந்தது.

கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். கண்மாய்க் கரை மேலேயே மின்கம்பி போகும் இடங்கள் நம்மிடம் நிறைய. 12 அடிக் கம்பை விரிக்கும் முன் தலைக்கு மேலே பாருங்கள். ஐப்பசி மாலையில் இடி கேட்டால் கம்பைக் கீழே படுக்கப் போட்டுவிட்டு, வெட்டவெளிக் கரையை விட்டு இறங்கிவிடுங்கள்.

விராலுக்கு ரப்பர் தவளை

இது சொந்தமாக ஒரு பகுதிக்குத் தகுதியானது. 8 முதல் 12 கிராம், நாலரை முதல் 6 செ.மீ. நீளமுள்ள உள்ளீடற்ற ரப்பர் தவளை. இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசியில் சிக்காமல் வழுக்கி வரும். கடையில் தவளையை அமுக்கிப் பாருங்கள்: லேசான அழுத்தத்துக்கே முள் வெளியே தெரிய வேண்டும். விறைப்பான ரப்பராக இருந்தால் விரால் பத்துத் தடவை அடித்தாலும் மாட்டாது. வாங்கியதும் இரண்டு முள்ளையும் குறடால் இரண்டு மி.மீ. வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள்.

தவளை தண்ணீர் குடித்து மூழ்கினால், அமுக்கித் தண்ணீரை வெளியேற்றி, காய்ந்த பிறகு தண்டு நுழையும் துளையைச் சுற்றி ரப்பர் பசை தடவுங்கள். முழுவதும் அடைத்துவிட்டால் அமுங்காது என்பதைக் கவனியுங்கள். விரால் மேலே வந்து அடித்த சத்தம் கேட்டதும் கம்பை இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நூலில் கனம் தெரியும்வரை ஒரு விநாடி, இரண்டு விநாடி பொறுங்கள். சுள்ளென்று இழுத்த பிறகு ரீலை நிறுத்தவே கூடாது.

சிவந்த குஞ்சுகள் கூட்டமாகத் தண்ணீர் மேல் கொப்புளிப்பதைக் கண்டால் அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு இருக்கும். அந்த இடத்தில் எதை எறிந்தாலும் கோபத்தில் அடிக்கும், பிடிப்பது சுலபம். பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். எறியாமல் நகர்ந்து போங்கள்.

கரையில் தேவைப்படுவது

ஆறடிப் பிடியுள்ள கைவலை, நீள மூக்குக் குறடு, நரம்பு வெட்டி, தடித்த அடிப்பாகமுள்ள ஷூ. ரப்பர் செருப்பைச் சீமைக் கருவேல முள் ஒன்றும் பொருட்படுத்தாது. வண்டல் எடுத்த குழிகள் தண்ணீருக்கடியில் செங்குத்தாக இருக்கும். இடுப்பளவு என்று நினைத்து வைக்கும் அடுத்த காலடி தலைக்கு மேல் ஆகலாம், ஆகவே தெரியாத கண்மாயில் உள்வாய்க்குள் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி) இறங்கவே வேண்டாம். தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் மடைக்குப் பக்கத்திலும் இறங்கக் கூடாது.

கெளுத்தியின் பக்கத் துடுப்புகளிலும் முதுகிலும் உள்ள முட்கள் குத்தினால் கடுகடுக்கும். தேளி குத்தினால் இன்னும் மோசம். துணி போட்டு, துடுப்புகளுக்குப் பின்னால் விரல் வரும்படி பிடியுங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைத்தால் வலி தணியும். முள் முறிந்து உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் போக வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் கண்மாயில் திருப்பி விடாதீர்கள். வளர்க்கத் தடை செய்யப்பட்ட, மற்ற மீனையெல்லாம் தின்னும் இனம்.

மீனைக் கொண்டுவர தெர்மாகோல் பெட்டி. நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. பார் ஐஸை உடைத்து அடியில் இரண்டு அங்குலம் பரப்பி, குடலெடுத்த மீனை அடுக்கி, இடையிலும் மேலும் ஐஸ் போடுங்கள். பெட்டியின் அடியில் ஒரு துளை இருந்து உருகிய தண்ணீர் வடிய வேண்டும். அந்தத் தண்ணீரிலேயே ஊறினால் சதை கொழகொழத்துவிடும். விராலுக்கு ஐஸ் வேண்டாம். மூடியில் துளை போட்ட வாளியில் நாலு விரல் தண்ணீர் இருந்தால் வீடு வரை உயிரோடு வரும். மூடியை மட்டும் கட்டிவிடுங்கள், எகிறிக் குதிக்கும்.

கோடைக்கு ஊத்தா

கண்மாய் வற்றியதும் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் இறங்குவார்கள். அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. ஊத்தா, கச்சா, அரிவலை, பரி போன்ற கைக் கருவிகள்தான். ஊத்தா வாங்கும்போது உயரம் இரண்டரை அடிக்குக் குறையாமல், மேல்வாய் உங்கள் கை தோள்வரை நுழையும் அகலத்தில் இருக்கட்டும். அடிக் குச்சிகளின் இடைவெளி இரண்டு விரலுக்கு மேல் இருந்தால் குறவையும் சின்ன ஜிலேபியும் நழுவிவிடும். குச்சி நுனிகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று தரையில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கினால் சேற்றில் அந்தப் பக்கமாகத்தான் மீன் வெளியேறும்.

மூங்கில் ஊத்தாவை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த மூங்கில் சேற்றில் அழுத்தும்போது விரிசல் விட்டுச் சிலாம்பு கையில் ஏறும். முழங்கால் தண்ணீரில் அழுத்திவிட்டு உடனே கையை விடாதீர்கள். மீன் உள்ளே இருந்தால் குச்சியில் மோதும் அதிர்வு மேல்வாயில் வைத்த உள்ளங்கைக்குத் தெரியும். துழாவும்போது ஓரமாகச் சுற்றி வந்து கடைசியில் நடுவுக்கு வாருங்கள், விரலை விரிக்காமல். மீசை தட்டுப்பட்டால் கெளுத்தி; அங்கேயே கையை நிறுத்தி, தலையைத் தரையோடு அமுக்கிய பிறகு பிடியுங்கள்.

அதற்குள் வீட்டில் இருக்கும் தூண்டில் சாமானைக் கவனித்துவிடலாம். ரீலைக் குழாய்த் தண்ணீரில் பிடிக்காமல் ஈரத் துணியால் துடைத்து, நரம்பு ஓடும் சின்ன உருளையிலும் கைப்பிடிக் குமிழிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் பிசுபிசுத்துத் தூசி பிடித்து இறுகும். டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர் நசுங்கி அடுத்த வருடம் உதறும். பின்னல் நூலைக் கழற்றி மறுமுனையிலிருந்து சுற்றினால் இன்னொரு பருவத்துக்கு வரும். ஒற்றை இழையை வெட்டிக் குப்பையில் போடுங்கள், கண்மாய்க் கரையில் வேண்டாம், கொக்கு நாரைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.